நேர்முகத் தேர்வுக்கு முன் கொஞ்சம் விளையாடிப் பாருங்கள்

"செரித்தாக்கான் தெந்தாங் டிரி அண்டா." உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். மலேசியாவில் எந்த நேர்முகத் தேர்வுக்குப் போனாலும் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். பக்கார் அராங் தொழிற்பேட்டையில் ஆப்பரேட்டர் வேலைக்குப் போனாலும், கூலிம் ஹைடெக் பார்க்கில் டெக்னீஷியன் வேலைக்குப் போனாலும், பொதுச் சேவை ஆணையத்தின் முன்னால் உட்கார்ந்தாலும் இதே கேள்விதான். கேள்வி தெரிந்ததுதான், பதிலும் தயார்தான். பெயர், வயது, ஊர் சுங்கைப் பட்டாணி, உடன்பிறந்தவர் எத்தனை பேர், படித்த பள்ளி, எஸ்பிஎம் தேர்ச்சி என்று இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று மனனம் செய்த பதில். அது முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

சிக்கல் இரண்டாவது கேள்வியில் ஆரம்பிக்கிறது. "பள்ளி விடுமுறையில் பசார் மாலாமில் வேலை செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே என்ன கற்றுக்கொண்டீர்கள்?" இந்தக் கேள்வி தயாரித்த பட்டியலில் இல்லை. பிள்ளை ஒரு கணம் மேலே பார்க்கிறது, பிறகு கீழே பார்க்கிறது, "நிறைய கற்றுக்கொண்டேன்" என்கிறது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மூன்று ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் கூடாரம் கட்டி, வாடிக்கையாளரிடம் மூன்று மொழியில் பேசி, சில்லறைக் கணக்குப் பார்த்த அனுபவம் அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் அடங்கிப் போகிறது.

நம் பிள்ளைகளில் பலர் தகுதி இல்லாமல் திரும்புவதில்லை. தகுதியை வாயால் எடுத்துச் சொல்லத் தெரியாமல்தான் திரும்புகிறார்கள். இந்த வட்டாரத்தில் அதன் விலை அதிகம். கெடாவின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறியும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போனபின், பீடோங், தீக்காம் பத்து, கோல கெட்டில், பாடாங் செராய் பக்கத்துக் குடும்பங்களில் ஏராளமானவை நகர்ப்புறத் தாமான்களுக்கு வந்துவிட்டன. தோட்டத்தில் வேலைக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. அப்பா பால்மரம் வெட்டினார், மகனையும் பெரட்டில் நிறுத்தினார்கள், வேலை கிடைத்தது. இப்போது வாசலில் நிற்பது மனிதவளப் பிரிவு. அங்கே பேசத் தெரிந்தவருக்கு நிரந்தர வேலையும் பயிற்சியும் கிடைக்கின்றன. பேசத் தெரியாதவர் ஏஜெண்ட் மூலம் ஒப்பந்த வேலைக்குப் போய், குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பார்க் நமக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. நடுவில் நிற்பது அரை மணி நேர உரையாடல் ஒன்றுதான்.

இதற்குப் பெற்றோரும் ஆசிரியர்களும் வழக்கமாகச் சொல்லும் மருந்து, இன்னும் நன்றாக மனனம் செய் என்பது. அந்த மருந்துதான் பல நேரங்களில் நோயாகிவிடுகிறது. மனனம் ஒரு சங்கிலி மாதிரி. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்ததைத் தேடி மனம் உள்ளுக்குள்ளேயே அலையும். அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் என்ன கேட்டார், சிரித்தாரா, குழம்பினாரா என்பது எதுவும் கண்ணில் படாது. நேர்முகத் தேர்வு நடத்துகிறவர் ஒப்பித்தலைக் கேட்ட உடனே கண்டுபிடித்துவிடுவார். ஒரு நாளில் இருபது பேர் வந்து, இணையத்தில் எடுத்த அதே பதிலை, "என் குறை என்னவென்றால் நான் எல்லாவற்றையும் மிகச் சரியாகச் செய்ய நினைப்பேன்" என்று சொன்னால் யாருக்குத்தான் தெரியாது?

அப்படியானால் தயாரிக்கவே வேண்டாமா? வேண்டும். தயாரிப்பில் பாதி நேரத்தை மனனத்திலிருந்து எடுத்து விளையாட்டுக்குக் கொடுங்கள் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது. கையில் எழுத்துப் பிரதி இல்லாமல், அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசியும் நடித்தும் ஆடும் விளையாட்டு அது. ஆங்கில நாடக உலகில் இதை இம்ப்ரோ என்பார்கள். தமிழில் முன்தயாரிப்பில்லா நடிப்பு என்று சொல்லலாம்.

இந்த விளையாட்டுகள் பிறந்த கதை நமக்கு மிக நெருக்கமானது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1889இல் ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரு பெண்கள் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் தொடங்கினார்கள். சுற்றிலும் இத்தாலி, ரஷ்யா, போலந்து, கிரீஸ் என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள். ஒருவர் மொழி இன்னொருவருக்குப் புரியாது. அந்த இல்லத்தில் நேவா பாய்ட் என்ற ஆசிரியை, குழு விளையாட்டின் மூலமே பிள்ளைகளைப் பேசவும் பழகவும் வைக்க முடியும் என்று நம்பி, அதற்கான பயிற்சிப் பள்ளியையே நடத்தினார். அவரிடம் 1920களில் படித்தவர் வயோலா ஸ்போலின். அவரும் குடியேறிகளின் மகள்தான், 1906இல் சிகாகோவில் பிறந்தவர். பெரும் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கம் நடத்திய வேலைத் திட்டம் ஒன்றில் நாடகப் பொறுப்பாளராக இருந்தபோது, மொழியும் பண்பாடும் வேறுபட்ட பிள்ளைகளை மேடையேற்ற வேண்டியிருந்தது. "இப்படி நட, இப்படிப் பேசு" என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் விறைத்துப் போனார்கள். விதிகள் உள்ள ஒரு விளையாட்டைக் கொடுத்தால் தங்களை மறந்து ஆடினார்கள். அப்படி அவர் உருவாக்கிய விளையாட்டுகள் 1963இல் புத்தகமாக வந்தன. அவருடைய மகன் பால் சில்ஸ் 1959இல் மற்றவர்களுடன் சேர்ந்து தொடங்கிய செக்கண்ட் சிட்டி நாடக அரங்கம் உலகப் புகழ் பெற்றது. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் நகைச்சுவை நடிகர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் இதன் வேர், புது ஊரில் புது மொழியில் வாய் திறக்கக் கூச்சப்பட்ட தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அவர்களுக்கும் நமக்கும் உள்ள ஒற்றுமையை நான் விளக்க வேண்டியதில்லை.

நமக்கும் இந்தக் கலை புதிதல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் அன்று ஊரில் நடந்ததை எடுத்து அங்கேயே நகைச்சுவையாக்குவான். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த இசை நாடகங்களில், குறிப்பாக வள்ளி திருமணத்தில், தர்க்கம் என்று ஒரு பகுதி வரும். வள்ளியும் எதிரே நிற்பவரும் பேச்சுக்குப் பேச்சு மடக்குவார்கள். அதில் பெரும்பகுதி மேடையிலேயே பிறப்பது. எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாது, ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். நல்ல நடிகர் எதிராளியின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து தன் பதிலைத் தொடங்குவார். தோட்டத்துத் திருவிழாக்களில் நாடகம் போட்ட நம் தாத்தாக்களில் பலர் பாதி வசனத்தை மறந்துவிட்டு மேடையிலேயே சமாளித்தவர்கள்தான். அந்தச் சாமர்த்தியத்தைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைக்க மறந்துவிட்டோம்.

சரி, என்ன விளையாடுவது?

எல்லாவற்றுக்கும் அடிப்படை "ஆமாம், அதோடு" என்ற விளையாட்டு. இரண்டு பேர். ஒருவர் ஏதாவது சொல்ல வேண்டும். மற்றவர் அதை மறுக்காமல் "ஆமாம், அதோடு" என்று தொடங்கி ஒன்றைச் சேர்க்க வேண்டும். "நாளைக்கு நாம் பினாங்குக்குப் போகிறோம்." "ஆமாம், அதோடு மாமாவின் லாரியில் போகிறோம்." "ஆமாம், அதோடு லாரியில் ஏற்கனவே முப்பது கோழி இருக்கிறது." இரண்டு நிமிடத்தில் கதை எங்கேயோ போய்விடும், சிரிப்பும் வரும். பயிற்சி நடப்பது அந்தச் சிரிப்புக்குக் கீழே. முன்னவர் சொன்னதை முழுசாகக் கேட்காமல் எதையும் சேர்க்க முடியாது. நேர்முகத் தேர்வில் தடுமாறுகிறவர்களில் பாதிப்பேர் கேள்வியை முழுசாகக் கேட்காதவர்கள்தான். கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிலைத் தேடப் போய்விடுகிறார்கள்.

இதே பழக்கம் கடினமான கேள்வியிலும் கைகொடுக்கும். "உங்களுக்குத் தொழிற்சாலை அனுபவமே இல்லையே?" என்று கேட்டால், "இல்லை சார்" என்று நின்றுவிடுவது ஒரு வகை. "இருக்கிறது சார்" என்று பொய் சொல்வது இன்னொரு வகை. "ஆமாம் சார், தொழிற்சாலையில் வேலை செய்ததில்லை. அதோடு ஒன்று சொல்ல வேண்டும், இரண்டு ஆண்டுகள் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்த்திருக்கிறேன், ஷிப்ட் மாறும்போது கணக்கு ஒப்படைப்பது பழக்கம்" என்பது மூன்றாவது வகை. உண்மையை ஒத்துக்கொண்டு, அதன்மேல் இன்னொரு உண்மையைச் சேர்க்கிறது. விளையாட்டில் பழகிய நாக்குக்கு இது தானாக வரும்.

அடுத்தது நம் ஊருக்கென்றே கொஞ்சம் மாற்றி ஆட வேண்டிய விளையாட்டு. ஒருவர் நேற்று என்ன செய்தார் என்று தமிழில் சொல்லத் தொடங்க வேண்டும். நடுவில் யாராவது கைதட்டினால் அதே வாக்கியத்திலிருந்து மலாய்க்கு மாற வேண்டும். மறுபடி தட்டினால் ஆங்கிலம். நிறுத்தக் கூடாது, முதலிலிருந்து தொடங்கக் கூடாது. ஆங்கிலத்தில் சொல் கிடைக்கவில்லையா? சுற்றிச் சொல்லலாம், கையால் காட்டலாம். கூலிம் பக்கம் பன்னாட்டு நிறுவனங்களில் நேர்முகத் தேர்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில், அரசாங்க வேலையில் தேசிய மொழியில். வீட்டில் தமிழ். மூன்றும் தெரிந்த பிள்ளைகள் மூன்றிலும் பயப்படுகிறார்கள். காரணம், ஒரு மொழியில் தவறு செய்தால் சிரிப்பார்களே என்ற கவலை. கைதட்டலுக்கு மாறும்போது யாருக்கும் இலக்கணம் பார்க்க நேரமிருக்காது. சொல்ல வந்தது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கணக்கு. இந்த விளையாட்டை நான்கைந்து முறை ஆடியவர், ஆங்கிலச் சொல் ஒன்று மறந்துபோனால் உறைந்து நிற்பதில்லை. "தட் மெஷின் டு செக் த வெயிட்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவார். எதிரே இருப்பவருக்கு அது போதும்.

மூன்றாவது விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது கீத் ஜான்ஸ்டோனிடமிருந்து வந்த சிந்தனை. 1933இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், லண்டனில் உழைப்பாளர் வட்டாரமான பேட்டர்சியில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு ராயல் கோர்ட் நாடக அரங்கிலும் அதன்பின் கனடாவின் கல்கரி நகரிலும் நடிகர்களைப் பயிற்றுவித்து, 2023இல் மறைந்தார். அவருடைய 1979ஆம் ஆண்டுப் புத்தகத்தின் ஒரு பகுதி 'அந்தஸ்து' என்ற ஒன்றைப் பற்றியது. இது பணமோ பதவியோ இல்லை. இரண்டு பேர் பேசும்போது யார் மேலே, யார் கீழே என்பதை உடலே சொல்லிவிடும் என்றார் அவர். தலையை ஆடாமல் வைத்துப் பேசுவது, இடத்தை நிறைத்து உட்காருவது, கண்ணைப் பார்ப்பது எல்லாம் மேல் அந்தஸ்து. முகத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பது, நாற்காலி நுனியில் உட்காருவது, பேசும் முன் சின்னதாக "ஆ" என்று தயங்குவது, பார்த்துவிட்டு உடனே பார்வையைத் தாழ்த்துவது எல்லாம் கீழ் அந்தஸ்து. எது நல்லது, எது கெட்டது என்று அவர் சொல்லவில்லை. இரண்டையும் தேவைக்கேற்ப மாற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

இதை நம் தோட்டத்து வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். துரை வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். கிராணியிடம் தலை நிமிர்ந்து பேசினால் திமிர். சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பெரியவர்கள் முன் கண்ணைப் பார்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு. மூன்று தலைமுறையாக உடலில் ஏறிய பாடம் அது. அன்றைக்கு அது பிழைப்புக்கு உதவியது. இன்றைக்கு அதே உடல் குளிர்சாதன அறையில் மேனேஜர் முன் போய் உட்காரும்போது, பிள்ளை மரியாதை என்று நினைத்துக் காட்டுவதை எதிரே இருப்பவர் தன்னம்பிக்கைக் குறைவு என்று படிக்கிறார். குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு வீட்டிலேயே "அடக்கமாக இரு" என்ற பாடம் இரண்டு மடங்கு. "நிமிர்ந்து உட்காருங்கள், கண்ணைப் பாருங்கள்" என்று அறிவுரை சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அறிவுரை கேட்டுப் போகிறவர் கண்ணை இமைக்காமல் முறைத்துப் பார்த்துவிட்டு வருவார். உடம்பு கற்றதை உடம்பால்தான் மாற்ற முடியும்.

அதற்குச் சீட்டுக்கட்டு ஒன்று போதும். ஆளுக்கு ஒரு சீட்டு. எடுத்தவர் தன் சீட்டைப் பார்க்காமல், மற்றவர்களுக்குத் தெரியும்படி நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். ராஜா மிக உயர்ந்தவர், இரண்டு மிகத் தாழ்ந்தவர். எல்லோரும் ஒரு கல்யாண மண்டபத்தில் சந்தித்துக்கொள்வது போல் நடக்க வேண்டும். எதிரே வருபவரை அவர் சீட்டுக்கேற்ப நடத்த வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து, நான் எந்தச் சீட்டு என்று அவரவர் ஊகித்து உயரம் வாரியாக வரிசையில் நிற்க வேண்டும். பெரும்பாலும் சரியாகவே நிற்பார்கள்! அடுத்த சுற்றில் சீட்டைத் தான் மட்டும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த அந்தஸ்தில் நடிக்க வேண்டும். எப்போதும் ஓரமாக நிற்கும் ஒரு தங்கைக்கு ராணிச் சீட்டு வரும். அவர் ஐந்து நிமிடம் ராணியாக நடப்பார். அப்படி நடக்கத் தனக்கு முடியும் என்பதை அவர் உடம்பே அவருக்குச் சொல்லும். நேர்முகத் தேர்வுக்குப் பொருந்துவது ராஜாவும் அல்ல, இரண்டும் அல்ல. ஏழு, எட்டு அளவு. பணிவும் இருக்க வேண்டும், இடத்தை விட்டுக்கொடுக்காமலும் இருக்க வேண்டும். இதை ஒருமுறை சீட்டுக் கணக்கில் புரிந்துகொண்டவரிடம், "எட்டாகப் போய் உட்காரு" என்றால் போதும்.

நான்காவது, நிபுணர் பேட்டி. ஒருவர் பேட்டி எடுப்பவர், மற்றவர் நிபுணர். எதில் நிபுணர் என்பதைக் கூட்டம் சொல்லும். எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. "இவர் ரொட்டிச்சானாய் வட்டமாக வருவதைப் பற்றி இருபது ஆண்டுகள் ஆராய்ந்தவர்." பேட்டி தொடங்க வேண்டும். "சதுரமாக வருவதற்கு என்ன காரணம் டாக்டர்?" அவர் யோசிக்காமல், நம்பிக்கையோடு, காரணம் சொல்ல வேண்டும், உதாரணம் சொல்ல வேண்டும். இங்கே சரியான பதில் என்று ஒன்றே இல்லை, அதனால் தவறும் இல்லை. தவறு இல்லாத இடத்தில் வாய் திறக்கிறது.

இந்த ஆட்டத்தின் இரண்டாவது சுற்றுதான் நேர்முகத் தேர்வுக்கான சுற்று. அதே நாற்காலி, அதே பேட்டியாளர், ஆனால் தலைப்பு உண்மையானது. அவரவர் உண்மையில் செய்த வேலை. பசார் மாலாம் கடை, மாமாவின் பட்டறை, அம்மா சமைத்துக் கொடுக்கும் கல்யாண ஆர்டர், கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல், பள்ளிக் காற்பந்துக் குழு. "அண்ணா, நீங்கள் பசார் மாலாம் நிபுணர். மழை திடீரென்று வந்தால் முதலில் எதை எடுத்து வைப்பீர்கள்?" "மாவை. எண்ணெய்ச் சட்டியை மூட வேண்டும். பிறகு கூடாரத்தின் மழைப்பக்கக் காலை ஒருத்தர் பிடிக்க வேண்டும்." "ஏன் மழைப்பக்கம்?" கேட்கக் கேட்க விவரங்கள் வரும். இந்த விவரங்களைத்தான் நேர்முகத் தேர்வில் தேடுகிறார்கள். பல நிறுவனங்களில் இப்போது "ஒரு பிரச்சினையை எப்படிச் சமாளித்தீர்கள், ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்ற வகைக் கேள்விதான் கேட்கிறார்கள். சூழ்நிலை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன என்ற நான்கையும் எதிர்பார்க்கிறார்கள். கூடாரம் சாய்ந்த கதையில் நான்கும் இருக்கிறது. "எனக்கு அனுபவம் இல்லை" என்று சொல்லும் நம் பிள்ளைகளிடம் இப்படி ஐந்து கதைகளாவது இருக்கும். அவற்றை அனுபவம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது தடுமாறினால், சொல் வராமல் நின்றால், எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி "இன்னொரு தடவை!" என்று கூவ வேண்டும். கேலியாக அல்ல, உற்சாகமாக. முதல் நாள் இது செயற்கையாகத்தான் தெரியும். இரண்டாம் நாள் தடுமாறியவரே முதலில் கையைத் தூக்குவார். தவறு செய்தால் பிரம்பு, மதிப்பெண் குறைவு, உறவினர் முன் ஒப்பீடு என்று வளர்ந்த பிள்ளைக்குத் தவறுக்குப் பின்னும் ஆட்டம் தொடரும் என்று தெரிவது பெரிய விஷயம். நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வியைக் கோட்டை விட்டவர்கள் பலர், அந்த வருத்தத்திலேயே மீதி ஐந்தையும் கோட்டை விடுகிறார்கள்.

இதெல்லாம் வெறும் நம்பிக்கையா, ஆய்வு உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு, ஆனால் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பீட்டர் ஃபெல்ஸ்மனும் சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் முன்தயாரிப்பில்லாமல் நடித்தவர்களையும், அதே நேரம் எழுதிக் கொடுத்ததைப் பேசி நடித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் குழுவினரிடம் புதுப்புது வழியில் யோசிப்பதும், என்ன நடக்கும் என்று தெரியாத நிலையைத் தாங்கிக்கொள்வதும் கூடியிருந்தது. அவரே 2019இல் டெட்ராய்ட் நகரப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், இந்தப் பயிற்சிக்குப் பின் சமூகக் கூச்சம் குறைந்ததைக் கண்டார். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில், நடிகர் ஆலன் ஆல்டாவின் முயற்சியால் 2009இல் தொடங்கிய மையம், விஞ்ஞானிகள் சாதாரண மக்களிடம் புரியும்படி பேசுவதற்கு இதே விளையாட்டுகளைப் பயன்படுத்துகிறது. இவற்றில் எதுவும் "விளையாடினால் வேலை கிடைக்கும்" என்று சொல்லவில்லை. பதற்றம் குறைகிறது, காது திறக்கிறது. அந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

ஆகவே செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு, வீட்டுப்பாடத்துக்கு மாற்று அல்ல. போகிற நிறுவனம் என்ன தயாரிக்கிறது, எந்த ஷிப்ட், என்ன சம்பளம் என்று தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்டுச் சாமர்த்தியமாகப் பேசினால் அது வாய்ச்சவடால். அதைவிட முக்கியம், நடிப்புப் பயிற்சி என்றவுடன் இல்லாத அனுபவத்தை இருப்பதாகச் சொல்லலாம் என்று சிலர் நினைத்துவிடுவார்கள். கிறுக்கு நிபுணர் ஆட்டத்தில் கற்பனை, உண்மை நிபுணர் ஆட்டத்தில் உண்மை. இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தெரியாத கேள்விக்கு "தெரியவில்லை, ஆனால் இப்படித் தேடிக் கண்டுபிடிப்பேன்" என்று சொல்வதையும் ஓர் ஆட்டமாகவே பழகலாம். ஒருவர் விடை தெரியாத கேள்விகளை மட்டுமே கேட்க வேண்டும், மற்றவர் ஒவ்வொரு முறையும் வேறுவிதமாக, வெட்கப்படாமல், தெரியாது என்று சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆடிப் பார்த்தால் தெரியும்.

ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். சுங்கைப் பட்டாணியிலேயே சுல்தான் அப்துல் ஹாலிம் ஆசிரியர் பயிற்சிக் கழகம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்று விண்ணப்பிப்பவர்கள் நேர்முகத் தேர்வைக் கடக்காமல் உள்ளே போக முடியாது. ஆசிரியர் வேலையே முன்தயாரிப்பில்லா நடிப்புதான். பாடக் குறிப்பில் இல்லாத கேள்வியை ஏழு வயதுப் பிள்ளை கேட்கும். குழுவாகப் பேசவைத்துப் பார்க்கும் தேர்வுகளில் நம்மவர்கள் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஒன்று வாயே திறப்பதில்லை, அல்லது பட்டிமன்றம் மாதிரி அடுத்தவரை அடித்துப் பேசுகிறார்கள். "நண்பர் சொன்னது சரி, அதோடு" என்று தொடங்கத் தெரிந்தவர் இரண்டு பள்ளத்திலும் விழமாட்டார்.

நடத்துவது எப்படி? பெரிய ஏற்பாடு வேண்டாம். ஆறு முதல் பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், ஒரு கூடம். கோயில் மண்டபமோ, சனிக்கிழமை காலியாக இருக்கும் தமிழ்ப்பள்ளி வகுப்பறையோ, தாமான் சமூகக் கூடமோ போதும். நடத்துபவர் நாடகக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஏற்கனவே வேலையில் இருக்கும் ஓர் அக்காவோ அண்ணாவோ இருந்தால் நல்லது, கடைசிப் பகுதியில் அவரே உண்மையான மேனேஜராக உட்காரலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம் நேர்முகத் தேர்வு, மற்றவர்கள் பார்க்க வேண்டும். பார்த்தவர்கள் குறை சொல்வதற்கு முன் "எந்த இடத்தில் நான் இன்னும் கேட்க ஆசைப்பட்டேன்" என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். பெற்றோர் உள்ளே உட்கார வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் ராணியாக நடக்காது. யாரும் கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது, டிக்டாக்கில் போடக் கூடாது. இதை முதல் நாளே கறாராகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கூச்சம் உள்ளவர்கள் இரண்டாம் வாரம் வரமாட்டார்கள். ஆட விரும்பாதவரை இழுக்கவும் வேண்டாம். முதல் நாள் அவர் கைதட்டுபவராக இருக்கட்டும்.

நான்கு வாரம் போதும். தனியாக இருப்பவர்களும் வீட்டில் ஒன்று செய்யலாம். இருபது துண்டுக் காகிதத்தில் இருபது கேள்வி எழுதி மைலோ டின்னில் போட்டுவையுங்கள். பாதி உண்மையான நேர்முகக் கேள்வி, பாதி "நீங்கள் ஒரு பேருந்தாக இருந்தால் எந்த ஊருக்கு ஓடுவீர்கள்" மாதிரியானவை. தம்பியோ பாட்டியோ ஒன்றை எடுத்துப் படிக்கட்டும். மூன்று எண்ணுவதற்குள் பதிலைத் தொடங்க வேண்டும், ஒரு நிமிடத்தில் முடிக்க வேண்டும். இணையவழி நேர்முகத் தேர்வு என்றால் கைப்பேசியைப் புத்தகங்களின் மேல் கண் உயரத்துக்கு வைத்து, கேமராவுக்குப் பக்கத்தில் நண்பரின் படம் ஒன்றை ஒட்டிவைத்து அவரிடம் பேசிப் பழகலாம். எதிரே முகம் இல்லாமல் பேசுவது முதலில் சங்கடமாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். தேர்வு நாள் காலையில் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். கூட வரும் நண்பரோடு காரிலோ பேருந்திலோ "ஆமாம், அதோடு" ஆடிக்கொண்டே போங்கள்.